கூண்டு எண் பத்தொன்பது

பகாவ் செம்பனை ஆலை. இரவு ஷிஃப்ட்.
பளுதூக்கி எனக்கு.
ஏழு வருஷமாக எனக்குத்தான்.
முன்பு ஓட்டிய சின்னராசு
சம்பளம் போதவில்லையென்று ஜொகூரைத் தாண்டிப் போய்விட்டான்.

வேலை இவ்வளவுதான்:
அவிந்த குலைகளோடு வரும் கூண்டைத் தூக்கு,
உருளையின் வாயில் கவிழ்,
காலிக் கூண்டைத் தண்டவாளத்தில் இறக்கு.
நான்கு சக்கரமும் தடத்தில் உட்கார வேண்டும்.
ஒன்று பிசகினால் பின்னால் வரிசை நிற்கும்,
மேனேஜர் பஞ்சலிங்கம் மலாயில் திட்டுவார்.
தமிழில் திட்டினால் சொந்தமாகிவிடுமாம்.

இறக்கும்போது தரை தெரியாது.
ஆவிக்கலனின் கதவு திறந்து கிடக்கும்,
கீழே எல்லாம் வெள்ளை.
கண்ணை நம்பினால் கெட்டோம்.
சேதி கைக்குத்தான் வரும்:
மோட்டாரின் முனகல் ஒரு சுருதி தணியும்,
வடம் லேசாகத் தொய்யும்,
பாரம் என்னை விட்டுவிடும்.
அங்கே நிறுத்து.

அன்றைக்கு அடுத்த கலன் திறக்க
இருபது நிமிஷம் இருந்தது.
ரஃபிகுல் ஏணியில் ஏறி வந்து போனை நீட்டினான்.
"கக்கா, தெங்கோ!"
அவனுடைய மலாயும் என்னுடைய மலாயும் சேர்ந்தால்தான் ஒரு மலாய்.
செவ்வாயில் வண்டி இறக்குகிறார்கள் என்று புரிந்தது.

எரிந்துகொண்டே ஒரு சட்டி.
ஒலியை முந்துகிற வேகத்தில் விரிந்த குடை.
பிறகு குடையையும் உதறிவிட்டு
நெருப்பைக் கீழே பீய்ச்சியபடி
நடுவானில் நின்றது ஒன்று.
நின்று,
மூன்று கயிற்றில் வண்டியை இறக்கியது.
ஆறு சக்கரம்.

"பளுதூக்கி!" என்றேன்.
ரஃபிகுல் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்.

புழுதியில் தரை தெரியாதாம் அதற்கும்.
பாரம் குறைந்ததை வைத்துத்தான்
சக்கரம் மண்ணைத் தொட்டதென்று அறியுமாம்.
ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார், வரைபடத்தோடு.
எனக்கு வரைபடம் வேண்டியிருக்கவில்லை.
என் வலது கையைப் பார்த்துக்கொண்டேன்,
எண்ணெய்ப் பிசுக்கு, அறுந்த கையுறை.

அவரே சொன்னார்:
நாம் பார்ப்பதெல்லாம் பதினொரு நிமிடம் பழசு.
வண்டி இதற்குள் பிழைத்திருக்கும்,
இல்லை சிதறியிருக்கும்.
சொன்ன கையோடு படம் நின்றது.
வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.
கீழே கொதிகலன் பக்கமிருந்து ஹஸ்னிசாமின் கூச்சல்,
அவன் போன் வேறு கம்பெனி.
எங்கள் திரையில் வண்டி இன்னும் கயிற்றில் தொங்குகிறது,
அவன் திரையில் ஊரே கட்டிப்பிடித்து அழுகிறது.

எங்களுக்கும் இறங்கியது, ஒரு வழியாக.
ரஃபிகுல் என் முதுகில் அடித்துவிட்டு
மன்னிப்புக் கேட்டான்.
நான் மற்றதைத் தேடினேன்.

கயிற்றை வெட்டிக்கொண்டு,
வண்டியின் தலையில் விழுந்துவிடாமலிருக்க
மிச்ச எரிபொருளில் தள்ளிப் பறந்து
எங்கோ போய் விழவேண்டும் அது.
அதற்கு இட்ட வேலையின் கடைசி வரி அதுதான்.
எங்கே விழுந்தது?
"தா தாவ்," என்றான் ரஃபிகுல்.
கேமரா வண்டியோடு போயிருந்தது.
பாரத்தை விட்டதும் நான் பசியாறப் போவேன்.
அது?

ஷிஃப்ட் முடிந்து பதிவேட்டைப் புரட்டினேன்.
கைதட்டல் 4.55.
பதினொன்றைக் கழித்தேன்.
4.44. கூண்டு எண் பத்தொன்பது. காலி. இறக்கம்.
என் கோணல் கையெழுத்து.

அப்போதுதானா?
கொட்டாவி விட்டபடி இறக்கியிருப்பேன்.

குறிப்பு என்றொரு கட்டம் உண்டு,
யாரும் எழுதுவதில்லை.
'வடம் சரி' என்று எழுதினேன்.
இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது.
'விழுந்த இடம் தெரியவில்லை.'

மாமாக் கடையில் ரொட்டி சானாய் வரும்வரை
அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.
பஞ்சலிங்கம் படித்துவிடுவார்.
எதைக் கீழே போட்டாய் என்று கேட்பார்,
மலாயில்.